இடுப்பு உயரத்தில் ஒரு குறி

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள். தேதி, மணி எல்லாம் என் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. நான் பேய்க்குப் பயந்த ஆள் இல்லை. மரத்தின் வளையங்களை எண்ணி, அது எந்த வருஷம் முளைத்தது, எந்தக் கோடை பொய்த்தது என்று சொல்வது என் தொழில். வருஷத்துக்கு ஒரு வளையம். நல்ல கோடை என்றால் அகலமாக இருக்கும், கெட்ட கோடை என்றால் மயிரிழை. 1867 பஞ்சம் எங்கள் பக்கத்துப் பைன் மரங்களில் இன்னும் மயிரிழையாகத்தான் இருக்கிறது.

2019 டிசம்பர் 12, வியாழன். குவோப்பியோ நகரத்துக்கு வடக்கே ஹில்கா என்ற அம்மாவின் நிலம். வயது எழுபத்தொன்று, தனி ஆள். அவருடைய பழைய மரவீட்டின் சுவரிலும், முச்சந்தியில் பட்டுப்போய் நின்ற முந்நூறு வருஷப் பைன் மரத்திலும் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். அந்தப் பைன் ஒரு கார்சிக்கோ. எங்கள் ஊர்களில் ஒருவர் செத்தால், சவப்பெட்டி தேவாலயத்துக்குப் போகிற வழியில் ஒரு மரத்தில் சிலுவையும் பெயரெழுத்தும் வருஷமும் செதுக்குவார்கள். செத்தவர் கல்லறையிலிருந்து எழுந்து வீட்டைப் பார்க்க நடந்தால் அந்தக் குறி கண்ணில் படும். தான் செத்தது ஞாபகம் வரும். திரும்பிப் போய்விடுவார்.

ஹில்கா ஃபோனில் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். மரத்தில் துளை போட்டுக்கொள், குறியை மட்டும் வெட்டாதே என்று. நானும் சரி என்றேன். ஆனால் மரத்தைப் பார்த்ததும் கை அரித்தது. செதுக்கிய காயம் எந்த வளையத்தில் விழுந்தது என்று பார்த்தால், செதுக்கிய வருஷம் என்ன, மாதத்தைக்கூட ஏறக்குறையச் சொல்லிவிடலாம். துளை போட்டு எடுக்கும் பென்சில் பருமன் மாதிரியில் அது கிடைக்காது. மரமோ சாய்ந்து நிற்கிறது, அடுத்த புயலுக்குத் தாங்காது. பத்திரப்படுத்தத்தானே போகிறோம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு, பிற்பகல் 1.30க்கு ரம்பத்தை வைத்தேன். சிலுவை, இரண்டு எழுத்து, 1957. எல்லாம் ஒரே பலகையாக வந்தது.

ஒன்று மட்டும் உறுத்தியது. இந்தக் குறிகள் பொதுவாக ஆளின் நெஞ்சு உயரத்தில் இருக்கும். இது என் இடுப்புக்குத்தான் வந்தது. 104 சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டு மறந்துபோனேன்.

2.50க்கு ஹில்கா வீட்டில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும். சுவரில் துளை போட்டு முடித்த திருப்தியில், குறி பத்திரமாக என் காரில் இருப்பதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வெட்டிட்டியா?"

"பத்திரமாதாம்மா வெச்சிருக்கேன். ஆய்வகத்துல..."

"யாருக்குப் பத்திரம்?"

அது அவருடைய அப்பாவின் குறி. ஏரியில் பனி உடைந்து செத்தவர் என்பதுவரை எனக்குத் தெரியும். மிச்சத்தை அன்றுதான் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்தால் படியில் மூன்று தடவை பூட்ஸைத் தட்டுவாராம். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா இவரை அடுப்போரத்து விறகுப் பெட்டிக்குள் தள்ளி, மூடிமேல் உட்கார்ந்துகொள்வாராம். அடி முழுவதும் அம்மாவுக்கு. சத்தம் முழுவதும் பெட்டிக்குள் இருந்த இவருக்கு. அந்தப் பெட்டி அதே இடத்தில்தான் இருந்தது.

"கொண்டுபோய் எடுத்த எடத்துலயே கட்டிட்டு வந்துடு தம்பி. முழுசா இருட்டுறதுக்குள்ள."

3.25. ஏற்கெனவே இருட்டிவிட்டிருந்தது. டிசம்பரில் எங்களுக்கு அவ்வளவுதான் பகல். முச்சந்திக்கு எண்ணூறு மீட்டர். வழியில் யாரும் இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். ஒரே பாதை, இரண்டு பக்கமும் ஆளுயரப் பனி, காரின் முழு வெளிச்சம். யாரும் இல்லை.

பலகையை அடிமரத்தோடு கயிற்றால் கட்டினேன். விரல் மரத்துப்போய் முடிச்சு நிற்கவில்லை. 3.41க்குக் கட்டி முடித்து நிமிர்ந்தேன். அப்போதுதான் டார்ச் வெளிச்சத்தில் காலடிகளைப் பார்த்தேன்.

தேவாலயச் சாலையிலிருந்து வந்திருந்தன. பெரிய பூட்ஸ். அடிமரத்துக்கு முன்னால் வந்து நின்றிருந்தன. விரல் பக்கம் மரத்தைப் பார்த்தபடி, ரொம்ப நேரம் நின்று தேடிய மாதிரி, பனி அங்கே மிதிபட்டுக் கிடந்தது.

பிறகு வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தன.

ஒவ்வொரு அடியிலும் தண்ணீர் தேங்கிப் பனிக்கட்டியாக உறைந்திருந்தது. மைனஸ் பத்தொன்பது டிகிரி. அந்தக் குளிரில் ஈர பூட்ஸோடு யார் நடப்பார்கள்?

இன்னொன்றும் பார்த்தேன். அந்தக் காலடிகள் என் கார் டயர்த் தடத்துக்கு மேலே விழுந்திருந்தன. இப்போது, இதே பாதையில், நான் வந்த தடத்துக்கு மேலே...

3.44. ஃபோன் அடித்தது. ஹில்கா.

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேம்மா. கதவத் தாழ் போடுங்க."

"போட்டிருக்கேன்."

பிறகு ஃபோனுக்குள் அது கேட்டது.

டொக்.

டொக்.

டொக்.

"தம்பி..." அது கிழவியின் குரல் இல்லை. சின்னப் பெண்ணின் குரல். "அம்மா இல்லயே. மூடி மேல யாரு உக்காருவாங்க?"

தொடர்பு அறுந்தது.

காரில் ஏறிச் சாவியைத் திருகினேன். கிளம்பவில்லை. மறுபடி. மறுபடி. கிளம்பவில்லை.

ஓடினேன். பனியில் ஓடுவது ஓட்டமே இல்லை. வீட்டு வெளிச்சம் தெரிந்தது. கிட்டே வரவே இல்லை.

கத்தினேன். யார் கேட்பது?

4.02. கதவு உள்ளே தாழ். ஜன்னலை உடைத்தேன்.

அறையில் யாரும் இல்லை. அடுப்பின் மேல் காப்பி இன்னும் ஆவி விட்டது.

வாசலிலிருந்து ஈரக் காலடிகள். நேராக அடுப்போரம். விறகுப் பெட்டிக்கு முன்னால் இரண்டு தடம். விரல் பக்கம் பெட்டியைப் பார்த்தபடி.

மூடியைத் தூக்கினேன்.

முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். கழுத்துவரை நனைந்திருந்தார்.

மூச்சு இல்லை.

மாரடைப்பு என்று மருத்துவர் எழுதினார். ஈரத்தைப் பற்றிச் சொன்னேன். நீ ஜன்னல் வழியாகக் கொண்டுவந்த பனி உருகியிருக்கும் என்றார். கழுத்துவரையா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிவிட்டார். முச்சந்தியில் நான் கட்டிய பலகையை எவரோ ஒரு போலீஸ்காரர் என் சாமான் என்று நினைத்து அவிழ்த்துக் காரில் போட்டிருந்தார். அது என்னோடு ஆய்வகத்துக்கே வந்துவிட்டது.

இரண்டு மாதம் அதைத் தொடவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள், வேறு வேலை ஓடாததால், இழைத்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன். வளையத்தின் உள்பாதி வெளிர்நிறம், அது கோடைத் தொடக்கத்தில் வளர்வது. வெளிப்பாதி கருநிறம், அது கோடைக் கடைசியில் வளர்வது. காயம் விழுந்த இடத்தில் 1957ஆம் வருஷ வளையத்தின் வெளிர்நிறம் மட்டும் இருந்தது. கருநிறம் வளரவே இல்லை. அப்படியானால் செதுக்கியது ஜூன் மாதம். மூன்று தடவை எண்ணினேன். ஜூன்தான்.

தேவாலயப் பதிவேட்டில் கேட்டு எழுதினேன். பதில் வந்தது. ஹில்காவின் அப்பா ஏரியில் மூழ்கியது 1957 டிசம்பர் 3.

ஆள் உயிரோடு தினமும் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோதே, ஆறு மாதம் முன்னால், யாரோ அவருக்குச் செத்தவர்களின் குறியைப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வராமல் திரும்பிப் போகட்டும் என்று.

மரம் உச்சியில்தான் உயரும். அடிமரத்தில் செதுக்கிய குறி எத்தனை வருஷமானாலும் செதுக்கிய உயரத்திலேயே நிற்கும். குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். 104 சென்டிமீட்டர். நெஞ்சுக்கு நேரே வைத்துச் செதுக்குகிற உயரம்தான். ஆனால் பெரியவர்களின் நெஞ்சு இல்லை.

அந்த ஜூனில் ஹில்காவுக்கு ஒன்பது வயது.