ரெண்டு ரியால் கடைப் பென்டிரைவ்

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து கொண்டுவந்த சாமான்களை யாரும் குறை சொன்னதில்லை. கோடாலித் தைலம், சோப்பு, பால்பவுடர், பூப்போட்ட கம்பளி. தைலத்தில் என்ன குறை கண்டுபிடிக்க முடியும்? தடவினால் எரியும். எரிந்தால் நல்ல தைலம். விமானத்தில் பெட்டி எடைக்குக் கெடுபிடி வந்ததும்தான் வந்தது வினை. கம்பளி கனக்கிறது என்று பென்டிரைவுக்கு மாறினார்.

பளபளவென்று வெள்ளி நிறம். மேலே 512 ஜிபி என்று கொட்டை எழுத்து. ரெண்டு ரியால் கடையில் வாங்கியது. அந்தக் கடையில் சீப்பும் ரெண்டு ரியால், சாவிக்கொத்தும் ரெண்டு ரியால், பென்டிரைவும் ரெண்டு ரியால். சீப்பு விலைக்கு விற்கிற பொருளுக்குள் என்ன இருந்துவிடப் போகிறது என்று ஒரு மனுசன் யோசிக்க வேண்டாமா? அவர் யோசிக்கவில்லை. டஜன் கணக்கில் அள்ளிக்கொண்டு வந்தார்.

ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், ரெண்டு மாசம் இருப்பார். குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊர். வந்த மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, பென்டிரைவுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார். அக்கா வீடு, சித்தப்பா வீடு, பள்ளிவாசலில் தொழவைக்கிற அசரத்து, அடுத்த தெரு டீச்சர் என்று பன்னிரண்டு பதிமூன்று வீடு. தன் கையால் கொடுத்தால்தான் அவருக்குத் திருப்தி. கொடுத்துவிட்டு, விடுமுறை முடிந்து விமானம் ஏறிவிடுவார். அதற்கப்புறம் அந்தப் பென்டிரைவுகளோடு இந்த ஊரில் குடித்தனம் நடத்தியவள் நான்.

முதலில் வந்தவர் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா. மகள் கல்யாணப் படம், வீடியோ எல்லாவற்றையும் தம்பி கொடுத்ததில் ஏற்றி வைத்திருந்தார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் முன்னால் டிவியில் செருகியிருக்கிறார். பாதிப் படம் வந்ததாம். மீதிக்குப் பெயர் மட்டும் வரிசையாக நிற்கிறதாம், அமுக்கினால் கறுப்புத் திரை.

"என் தம்பி சாமான் கெட்டுப்போகாதும்மா. எங்கேயோ கண்ணு பட்டுருச்சு. நீ என்னன்னு பாரு" என்று என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

நான் என்னத்தைப் பார்ப்பது? நான் என்ன இன்ஜினியரா? கும்பகோணத்துக்குப் போகலாம் என்றால் அங்கே தெருவுக்கு ஒரு சொந்தக்காரர், தும்மினால் ஊருக்குத் தெரிந்துவிடும். எனவே தஞ்சாவூர் வரைக்கும் போனேன். அறுவடைக் காலம். ரோட்டில் பாதிக்கு நெல்லைக் கொட்டிக் காயப்போட்டிருந்தார்கள். பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனதில் இடுப்பு கழன்றது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் அதைச் செருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்குள்ள எட்டு ஜிபிதாம்மா இருக்கு. ஐந்நூறுன்னு பொய் சொல்ல வச்சிருக்கான். எட்டு ரொம்புற வரைக்கும் ஒழுங்கா வாங்கிக்கும். அதுக்கப்புறம் வர்றதுக்குப் பேரை மட்டும் எழுதிக்கும், சரக்கைக் கீழ போட்டுடும். தெறந்து பாக்குற அன்னிக்குத்தான் தெரியும்."

"ரிப்பேர் பண்ண முடியாதா?"

"இருந்தாத்தானேம்மா ரிப்பேர் பண்றதுக்கு?"

அவரிடமே நல்ல கம்பெனிப் பென்டிரைவ் ஒன்று வாங்கினேன். அதுவும் வெள்ளி நிறம். மேலே 64 என்று போட்டிருந்தது, உள்ளேயும் 64 இருந்தது. போட்டோக்காரரிடம் படங்கள் பத்திரமாக இருந்ததால் மறுபடி ஏற்றி நாத்தனாரிடம் கொடுத்தேன். இது வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டார். வாய் சும்மா இருந்ததா? "கம்பெனியே புதுசா மாத்திக் குடுத்துட்டான். பாரின் கம்பெனி இல்லையா" என்று அடித்துவிட்டேன்.

அவ்வளவுதான். கெட்டால் மாற்றியும் கொடுக்கிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. அடுத்த மாதம் அசரத்து வந்தார், அப்புறம் சித்தப்பா. டீச்சர் பாட வீடியோக்களால் ரொம்பியிருந்ததிலேயே அரையாண்டுப் பரீட்சை வினாத்தாளையும் ஏற்றிவிட்டு, அச்சடிக்கிற அன்றைக்குக் காலையில் கண் கலங்கி வந்து நின்றார். ஒவ்வொரு தடவையும் பஸ், இடுப்பு வலி, தஞ்சாவூர். கடைக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே "வாங்கம்மா, அடுத்தது யாரு வீட்டுது?" என்று சிரிப்பார். எரிச்சலாக வரும். டீச்சர் மட்டும் புதுப் பென்டிரைவில் இருந்த எண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்காரரிடமே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஒருமுறை ஆரம்பித்தேன். "அடுத்த தடவை வேற கடையில பாருங்களேன்" என்றேன். போனில் அவர் குரல் பொசுக்கென்று இறங்கிவிட்டது.

"ஏன், ஊர்ல யாராச்சும் குறை சொன்னாங்களா?"

"சேச்சே, யாரும் ஒண்ணும் சொல்லல மச்சான்."

வேறு என்ன சொல்வது? ஒரு அறையில் எட்டுப் பேரோடு படுத்து எழுந்து, தன்னைவிடச் சின்னவனிடம் ஏச்சு வாங்கி வேலை செய்கிறவர். ரெண்டு வருஷத்துக்கு ஒரு காலைநேரம் அந்தப் பையோடு தெருவில் நடக்கும்போதுதான் அவர் பெரிய மனுசர். அந்தப் பேரைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து போன் செய்வார். பென்டிரைவ் எப்படி ஓடுது, மாடித்தளம் ஒழுகுதா, அத்தா எப்படி இருக்காங்க என்று வரிசையாகக் கேட்பார். நானும் வரிசையாக நல்லா ஓடுது, ஒழுகல, நல்லா இருக்காங்க என்பேன். ஒழுகுகிற தளத்துக்கு அடியில் வைத்த அண்டாவைக் காலால் நகர்த்திக்கொண்டே சொன்னதும் உண்டு. அவருடைய அத்தா, அதாவது என் மாமனார், இறந்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. "அத்தா திடீர்னு போயிட்டாங்கடா" என்று நாத்தனார் போனில் அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

போன வருஷம் கேன்சலில் வந்துவிட்டார். விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்புவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அல்ஹம்துலில்லாஹ் என்று வாசலில் நின்றேன். காரிலிருந்து மூன்று அட்டைப்பெட்டி இறங்கியது. இத்தனை வருஷத்தில் கொண்டுவந்ததைவிடக் கனமான பெட்டிகள்.

"என்ன மச்சான் இது?"

"பென்டிரைவுதான். கடைத்தெருவுல கடை புடிச்சாச்சு. அக்காதான் பேசி முடிச்சுது. இத்தனை வருஷத்துல ஒரு குறை வந்திருக்கா? நீயே சொல்லு. நம்ம சாமானுக்கு ஊர்ல அப்படி ஒரு பேரு."

அந்தப் பேரை நான்தானே பஸ் ஏறி ஏறி வளர்த்தேன்! பத்து நாள் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் திரிந்தேன். இவர் வேறு, பார்க்கிறவர்களிடமெல்லாம் "கெட்டுப்போனா மாத்தித் தர்றேன், என் சொந்தப் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். யா அல்லாஹ், யாருடைய பொறுப்பு?

வெள்ளிக்கிழமை திறப்பு. வியாழக்கிழமை மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளி வெள்ளியாக அடுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அத்தனை சந்தோஷம். சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ஒண்ணைப் போட்டு, இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்குற அக்கா மக கல்யாண வீடியோ முழுசையும் ஏத்துங்க."

"எதுக்கு இப்ப?"

"ஏத்துங்க மச்சான், சொல்றேன்."

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை ஏறிக்கொண்டிருந்தது. எல்லாப் பெயரும் வரிசையாக வந்து நின்றன. முதல் வீடியோவைத் திறந்தார். பெண்ணுக்கு மருதாணி வைப்பது தெளிவாக ஓடியது. "பாத்தியா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கடைசியைத் தெறங்க."

திறக்கவில்லை. அதற்கு முந்தியதும் திறக்கவில்லை. வேறொன்றை எடுத்துச் செருகினார். அப்புறம் ரெண்டாவது பெட்டியைக் கிழித்து இன்னொன்று. ஒவ்வொன்றிலும் அதே கதைதான். பொழுது சாய்ந்து மஃரிபுக்கு அழைக்கிற நேரத்தில் அவர் கை நின்றுவிட்டது.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். நாத்தனார், அசரத்து, டீச்சர், தஞ்சாவூர்க் கடைக்காரர், மாற்றிக் கொடுக்கிற பாரின் கம்பெனி, எதையும் விடவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், வாங்கும்போது புத்தி எங்கே போச்சு என்று கேட்க நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவர் கத்தவில்லை. அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்."

தலையை ஆட்டினார். கையிலிருந்த பென்டிரைவைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார்.

"அப்ப அத்தா திடீர்னுதான் போனாங்களா?"

ஒரு ஆமாம் சொன்னால் முடிந்துவிடும். இத்தனை வருஷமும் கேட்டதுமே வந்து விழுந்த சொல்தான், பழக்கத்தில் இப்போதும் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பாழாய்ப்போன வாய். அதை விழுங்கிவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"இல்ல மச்சான். நாலு மாசம் படுத்த படுக்கையா கெடந்தாங்க. தெனமும் உங்களைத்தான் கேட்டாங்க."