இருபது ஏத்தி இருபது இறக்கினால்

எங்க அக்கா ஒன்பதாவதோட பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவ. நான் பி.காம். இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் வேற யாராவது சொல்லி நான் நெளிய வேண்டாம்.

மளிகைக்கடைக்காரர் அவகிட்ட பில்லை நீட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கூட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்டவளுக்கு எங்க தையல் கூடத்துல நான் கொடுத்திருந்த வேலை, காஜா எடுக்கறதும் பட்டன் தைக்கிறதும். விலை சொல்றது, பில் எழுதறது எல்லாம் நான். நாலு மிஷின் வாங்கினப்ப அவதான் வளையலை வித்துப் பாதிப் பணம் போட்டா. இருந்தும் வர்றவங்ககிட்ட எல்லாம் "என் கடை"ன்னே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். வெட்டிப் பெருமைக்கு என்ன குறைச்சல்.

போன மாசம் ஒரு மருத்துவமனையிலிருந்து கொள்முதல் அதிகாரி வந்தார். ஊழியர்களுக்கு ஐநூறு செட் சீருடை வேணும். துணி, நூல், கூலி, கரண்ட் எல்லாம் சேர்த்து ஒரு செட்டுக்கு ஐநூறு அடக்கம். அதுமேல இருபது சதவீதம் வச்சு அறுநூறுன்னு சொல்லியிருந்தேன். அவர் நாற்காலியில சாய்ஞ்சுக்கிட்டு, "இருபது சதவீதம் தள்ளுபடி கொடுங்க, இப்பவே கையெழுத்துப் போட்டுடலாம்"னார்.

ரெண்டு மாசமா வேலை இல்லை. நாலு டெய்லர்களும் வேற இடம் விசாரிக்க ஆரம்பிச்சிருந்தாங்க. இருபது ஏத்தினோம், இருபது இறக்கறோம், லாபம் இல்லாட்டியும் அடக்கம் தேறிடும்னு நினைச்சுப் பேனாவைத் திறந்தேன்.

"பேனாவை மூடு, தம்பி." காஜா மிஷின் பக்கத்துல இருந்து அக்கா.

எனக்குச் சுருக்குன்னுச்சு. வெளியாள் முன்னாடி இப்படியா? "அக்கா, இது வியாபாரக் கணக்கு"ன்னேன்.

அவ எழுந்து வந்தா. வெட்டி மிஞ்சின துணி ஒண்ணை மேஜையில விரிச்சு, சாக்பீஸால எழுதினா. "நீ ஏத்தினது ஐநூறுக்கு இருபது சதவீதம். நூறு. இறக்கறது அறுநூறுக்கு இருபது சதவீதம். நூத்திருபது. நானூத்தி எண்பதுக்குக் கொடுத்தா செட்டுக்கு இருபது கைநஷ்டம். ஐநூறு செட்டுக்குப் பத்தாயிரம். அதை இந்த நாலு பேர் கூலியிலயா பிடிக்கப் போறே?"

என் பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவ தலைக்கு மேலதான் மாட்டியிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவே கூச்சமா இருந்துச்சு.

அக்கா அவர் பக்கம் திரும்பினா. "சார், பத்து சதவீதம் குறைக்கறோம். ஐநூத்தி நாப்பது. அதுக்கும் கீழ வேணும்னா துணியிலதான் கை வைக்கணும். ரெண்டு துவைப்புல துணி நைஞ்சா, வாங்கின உங்களைத்தான் கேப்பாங்க."

அவர் அந்தச் சாக்பீஸ் கணக்கை ஒரு தடவை தானே போட்டுப் பார்த்தார். அப்புறம் ஐநூத்தி நாப்பதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்தாயிரத்தைத் தொலைக்க இருந்த இடத்துல இருபதாயிரம் லாபம். சொல்றதுக்கென்ன, எனக்குப் பெருமை தாங்கலை.

கிளம்பும்போது, "இந்தம்மா யாரு?"ன்னு கேட்டார்.

"எங்க அக்கா. கடையே அவங்களோடதுதான் சார்."

அக்கா அதுக்குள்ள மிஷினுக்குத் திரும்பியிருந்தா. பட்டன்ல இருந்து கண்ணை எடுக்காம, "பாதி. கணக்கைச் சரியா சொல்லு"ன்னா.