எனக்கும் ஒரு திட்டு

சிராங்கூன் ரோட்டில் ஒரு சைவ உணவகத்தில் எனக்குப் பொட்டலம் கட்டும் வேலை. மனச்சிதைவு நோய் வந்து பல வருடமாகிறது. மாதம் ஓர் ஊசி, தினமும் மாத்திரை, புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ரயில். வாழ்க்கை ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

வேலையில் சேர்த்துவிட்ட அன்று என் அக்கா முதலாளியம்மாவிடம், "அவனத் திட்டிடாதீங்க, தாங்கமாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதோடு போச்சு. மற்றவர்கள் கரண்டியைத் தவறவிட்டாலே கடை அதிரும். நான் சட்னியையே கொட்டினாலும், "பரவாயில்லப்பா, போய் உக்காரு." அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சம்பளம் கொடுத்து விருந்தாளியையா வைத்திருக்கிறார்?

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், காவடி எடுக்கும் ஒருவர் வீட்டிலிருந்து தினமும் விரதச் சாப்பாடு அனுப்பச் சொல்லி ஆர்டர் வந்தது. வெங்காயம், பூண்டு சேர்க்காத சாம்பார் தனி அண்டாவில் இருந்தது. நான் பக்கத்து அண்டாவிலிருந்து மொண்டு கட்டி அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் போன். திறந்து பார்த்தால் சின்ன வெங்காயம் முழுசு முழுசாக மிதக்கிறதாம்.

முதலாளியம்மா போனை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "கண்ணு எங்கய்யா இருக்கு உனக்கு? விரதக்காரங்க வீட்டுக்கு வெங்காய சாம்பாரா? அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

தோசைக்கல்லருகே நின்றவர், கரண்டியில் எடுத்த மாவோடு என்னையே பார்த்தார். நான் உடைந்துபோவேன் என்று நினைத்திருப்பார்.

எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை வருடமும் என்னைத் திட்டியவை காதுக்குள் பேசும் குரல்கள் மட்டும்தான். அவை நான் செய்யாத தப்புக்கெல்லாம் திட்டும். இவரோ நான் செய்த தப்புக்குத் திட்டினார்.

"தப்புதாம்மா" என்று சொல்லிவிட்டு, சரியான சாம்பாரைக் கட்டி அனுப்பினேன். இனி இந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாரோ என்ற பயம் மட்டும் சாயங்காலம் வரை போகவில்லை.

சாயங்காலம் அவரே எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். "கோவத்துல கத்திட்டேன்பா. உங்கக்காகிட்ட சொல்லிடாத லா."

"சொல்லத்தான் போறேன், பெருமையா" என்றேன். "நாளைக்கு விரதச் சாப்பாட்ட யாரும்மா கட்டறது?"

"வேற யாரு, நீதான்" என்றார். "அண்டாவ மாத்தின, அப்புறம் இருக்கு உனக்கு!"