பல்புக்கு வேண்டிய சூடு

நடுவில் தோசை தீய்ந்ததுபோல் கரும்புள்ளி விழுந்த கணினித் திரை ஒன்று வெகுநாள் மாமா வீட்டில் கிடந்தது. தீய்த்தவர் மாமாதான். மாமா என்றால் என் அக்காவின் கணவர். மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம். வேலை மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஓர் ஆலையில், குளிரூட்டும் பிரிவில். ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் அவரை யாராலும் நிறுத்த முடியாது. எனக்கு அது பெரும்பாலும் எரிச்சலையே தந்திருக்கிறது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. அக்காவுக்கு விழித்திரை கெட்டுக்கொண்டே வந்தது. ஓரங்கள் தெரியும், எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. வெளிநாட்டிலிருந்த மகன் தன் குழந்தையின் வீடியோவை சிடியில் அனுப்பியிருந்தான். டிவியில் போட்டால் அவளுக்கு வெறும் மங்கல். கதவு அளவுக்குப் பெரிதாக்கினால் முகம் பிடிபடலாம், அதுவும் சில மாதங்களுக்குத்தான் என்றார் செங்கல்பட்டு டாக்டர். புரொஜெக்டர் அன்று எங்களுக்கு எட்டாத பொருள். பிளாஸ்டிக் தாளில் எழுதியதைச் சுவரில் காட்டும் பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டர் ஒன்றை மாமா பள்ளிக்கூடக் கழிவிலிருந்து தூக்கிவந்தார். தட்டையான கணினித் திரையின் உறையையும் பின்விளக்கையும் கழற்றி, மிச்சமுள்ள கண்ணாடியை அந்தத் தாளின் இடத்தில் படுக்கவைப்பது அவர் திட்டம்.

வம்பெல்லாம் விளக்கில்தான். அதிலிருந்த பல்பின் வெளிச்சம் போதவில்லை. கல்யாண வீடியோக்காரர்களின் ஹாலஜனைப் போட்டோம். படம் மஞ்சளாக வந்தது, பத்தே நிமிடத்தில் திரை தீய்ந்தது. வேறொரு பழைய திரையைத் தேடிப்பிடித்தார். தெருவிளக்கின் மெர்குரி பல்பைப் போட்டதில் குழந்தை பச்சையாகத் தெரிந்தது. "கொயந்த கோவக்கா மாதிரி கீது மாமா" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடைசியில், துணிக்கடை முகப்பில் எரியும் மெட்டல் ஹாலைடு பல்பை அதற்கான சோக்கோடு செங்கல்பட்டில் தேடி வாங்கிவந்தேன். வெளிச்சம் வெள்ளைவெளேரென்று இருந்தது.

இந்தத் திரையும் போய்விடக் கூடாதென்று மாமா பல்புக்கு நேராகவே இரண்டு விசிறிகளை வைத்தார். காலமெல்லாம் குளிரூட்டிப் பழகிய கை அல்லவா? பல்பு நீலம் பாய்ந்து மங்கியது. மூன்றாவது விசிறியைச் சேர்த்தார், அணைந்தே போனது. மூன்று நாள் இதே கூத்து. நான் கையைக் கழுவிவிட்டேன். நான்காம் நாள் காலையில் என் அலுவலகத்துக்கு போன் செய்தார்.

"மச்சான், தப்பு நம்ம மேலதான்டா. அதுக்கு சூடு வோணும். நாம அதப் போட்டு நடுங்க வுட்டுகினு கீறோம்."

உள்ளே இருக்கும் உப்புகள் காய்ந்து ஆவியானால்தான் அந்தப் பல்பு ஒழுங்காக எரியும். காப்பாற்ற வேண்டியது திரையை. பல்புக்கும் திரைக்கும் நடுவே இரண்டு கண்ணாடிகள் வைத்து, அவற்றுக்கிடையே மட்டும் காற்றை ஓடவிட்டார். புரொஜெக்டர் பெட்டியின் சூட்டை வெளியே இழுக்க இன்னொரு விசிறி. விளக்கு அணைந்ததும் சூடு போய்விடாது என்று ஆலையில் கற்றவர், விசிறிகளுக்குத் தனியாக பேட்டரியும் வைத்தார்.

ஒரு ஞாயிறு மதியம் ஜன்னல்களைப் போர்வையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தோம். காற்றெல்லாம் பெட்டிக்குள், எங்களுக்கு வேர்வை. குழந்தை முகத்தைத் திருப்பப்போகிற நேரம் கரண்ட் போனது. ஐந்து நிமிடத்தில் வந்தும் பயனில்லை. அந்தப் பல்பு ஆறாமல் மறுபடி எரியாது. பேட்டரியில் விசிறிகள் மட்டும் ஓட, மாமா பெட்டியைப் பிடித்தபடி நின்றார். நான் எந்தச் சாமியையும் விடவில்லை.

எரிந்தது. அக்கா சுவரை நோக்கி நகர்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "மூக்கு அப்பிடியே நம்ம நைனாவுது" என்றாள். நான் அழுதுவிட்டேன். வெட்கமாகக்கூட இல்லை.

படம் முடிந்ததும், மகனோடு பேசுவதற்காகக் கணினியில் மாட்டியிருந்த கேமராவைக் கேட்டாள். "அதுல அவரக் காட்டு."

மாமா மறுத்தார். விடாமல் உட்காரவைத்து எமர்ஜென்சி விளக்கை அவர் முகத்தில் பிடித்தேன். சுவர் முழுக்க மாமா. அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னாங்க, இவ்ளோ நரைச்சிப் போச்சா? ஒருத்தரும் எங்கிட்ட சொல்லவே இல்லியே."

மாமா பெட்டியை நிறுத்தப்போனார். "இருங்க, இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள்.

இன்று போனில் இரண்டு விரலால் எந்த முகத்தையும் பெரிதாக்கிவிடுகிறேன். அக்காவுக்கு இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரிகின்றன. மாமாவின் தலையில் முடியே இல்லை. அவளைக் கேட்டால், அவருக்கு நரைத்த முடிதான் அழகு என்கிறாள்.