ஆரத்தி போன வழி

கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் இருந்தவன் நான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகும் அது போகவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பாள் என் மனைவி.

அவளுக்குச் சர்க்கரை. காலில் ஒரு புண். ஐப்பசி முழுக்கக் காவிரியில் துலா ஸ்நானம் செய்தே தீருவேன் என்று நிற்பவள். இந்த வருடம் புண் ஆறாமல் பெரிதாகிக்கொண்டே போனது. "இப்படியே போனா விரலை எடுக்க வேண்டி வரும். அழுக்குத் தண்ணி படக் கூடாதுங்க" என்றார் டாக்டர். பயத்தில் எனக்குத் தூக்கமே போயிற்று. அவளோ, "காவிரி அழுக்கா? ஐப்பசியில கங்கையே இங்க வந்து குளிக்கிறா" என்று தினமும் கிளம்பினாள்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். அது ஆற்றில் கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் அவள் குளிக்கும் படித்துறை. மழையில்லாத நாளிலும் வாய்க்காலில் நுரையும் நாற்றமுமாகத் தண்ணீர் ஓடியது. யாரோ கழிவைத் திறந்துவிடுகிறார்கள். யார்? முதலில் கல்யாண மண்டபத்தைச் சந்தேகப்பட்டேன். பிறகு செப்டிக் டேங்க் லாரிக்காரர்களை. கடைசியில் கழிவுநீரேற்று நிலையம். ஊர்க் கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளும் மோட்டாரை நிறுத்திவிட்டு வாய்க்காலில் விடுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

நேரில் போய்க் கேட்டேன். "மோட்டார் ஓடுதுங்க சார். சத்தம் கேக்குதுல்ல?" என்றார் அங்கிருந்தவர். கேட்கத்தான் செய்தது. நான் வருவதைப் பார்த்துவிட்டுப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று முதல் வாய்க்கால் கரையில் காவலிருக்கத் தொடங்கினேன்.

பிரசவம் முடிந்து மருமகள் தாய்வீட்டிலிருந்து குழந்தையோடு வந்த அன்று, மனைவி மஞ்சளும் சுண்ணாம்பும் சிவக்கக் கரைத்து ஆரத்தி எடுத்தாள். வழக்கப்படி அதை வாசலில் கொட்ட வேண்டும். புது டைல்ஸில் கறை படிகிறது, இனி யாரும் வாசலில் ஆரத்தி கொட்டக் கூடாது என்று குடியிருப்போர் கூட்டத்தில் சட்டம் போட்டவன் நானேதான்.

"உங்க சட்டத்துக்கு இதை பாத்ரூம்லதான் கொண்டுபோய்க் கொட்டணும்" என்று தட்டோடு நின்றாள். நான் பேரனை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். நான் விருந்தாளிகளோடு இருக்கும் நேரம் பார்த்துத்தான் திறந்துவிடுவார்கள் என்று எனக்கு ஒரு கணக்கு.

காட்டாமணக்குப் புதருக்குப் பின்னால் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேகமெடுத்தது. சிவப்பாகக் கொட்டியது.

செடியை விலக்கி, குழாய் வரும் வழியைப் பார்த்தேன். அது எங்கள் கட்டடச் சுவருக்குள் போனது. பாதாளச் சாக்கடையில் இணைப்புக் கொடுத்தாகிவிட்டது என்று கட்டியவர் சொன்னபோது தலையாட்டியிருந்தேன். வாழ்நாளில் நான் கேள்வி கேட்காமல் நம்பிய ஒரே வார்த்தை அது.

மேலே வந்தபோது மனைவி கட்டுப்போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, ஆளைப் பிடிச்சீங்களா?"

"பிடிச்சுட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கால்கட்டைப் பார்த்தாள். "அப்ப இத்தனை நாளும் நம்ம வீட்டுத் தண்ணியிலயா முழுகினேன்?"

உள்ளே மகன் ஃப்ளஷ்ஷை இழுக்கும் சத்தம் கேட்டது. அது ஓடி முடிகிற வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.