எம்.பி. நேரில் போன கதை

எம்.பி.யின் செயலாளர் வேலை என்பது பாதி நேரம் கடிதம் அடிப்பது, மீதி நேரம் அந்தக் கடிதத்தால் ஒன்றும் நடக்காது என்பதைச் சொல்லாமல் மறைப்பது. யுத்த காலத்தில் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை அலுவலகத்தில் கால்கடுக்க நின்றவர்களே, உங்களுக்கு இது புதினமல்ல.

நன்கு தெரியும்

ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பில் லொட்ஜ் ஒன்றிலிருந்து ஒன்பது பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் ஒருவன் ரவீந்திரன். கனடா போவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து தாயோடு வந்து நின்றவன். தாய் திலகவதி விடிந்ததும் எங்களிடம் வந்துவிட்டார். "இவரை எனக்கு நன்கு தெரியும்" என்ற வழக்கமான கடிதத்தை அடித்து நீட்டினேன். எம்.பி. ஐயா நிமிராமலே கையெழுத்து வைத்தார். அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, என்ர பிள்ளையை நீங்கள் எப்ப கண்டனீங்கள்?"

லாச்சி

கடிதத்தை நானே பொலிசுக்குக் கொண்டுபோனேன். பொறுப்பதிகாரி அதை வாசிக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து காட்டினார். உள்ளே எங்கள் கடிதங்கள் ஒரு கட்டு, எல்லாவற்றிலும் நான் அடித்த அதே வசனம். "மாத்தயா," என்று சிங்கள மரியாதையோடு தொடங்கினார், "உங்க எம்.பி.க்கு முழு யாழ்ப்பாணமும் தெரியும் போல!"

ஒற்றைக்கால்

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐயா நேரில் போகத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். திலகவதி அம்மா அதைக் கேட்கவேயில்லை, எல்லாம் என் ரோஷம். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "நான் போனா அவங்கள் வேற மாதிரி நினைப்பாங்களடா."

பெரிய ஆள்

கடைசியில் ரவீந்திரனுக்காகப் போனார். முன்னும் பின்னும் பாதுகாப்பு ஜீப். பொறுப்பதிகாரி எழுந்து நின்றார், தேத்தண்ணி வந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் எட்டுப் பேரை விட்டார்கள். ரவீந்திரனை மட்டும் மேல்விசாரணைக்கு அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று வாசலில் நின்ற கொன்ஸ்டபிளிடம் கேட்டேன். அவன் என்னை விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "அவனுக்காக எம்.பி.யே வந்தாரே! அப்ப புலியில பெரிய ஆள்தானே?"

வாங்கில்

அதன்பின் ஒரு வருடம் திலகவதி அம்மா தினமும் எங்கள் அலுவலகத்தில் ஆட்கள் காத்திருக்கும் மர வாங்கிலில் வந்து இருந்தார். மகனை விடவில்லை. என்னை ஒரு வார்த்தை ஏசவுமில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒருநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டு வந்தாள், புருஷனைப் பிடித்துவிட்டார்களாம். திலகவதி அம்மா அவளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். "கடிதம் மட்டும் வாங்குங்கோ தங்கச்சி. ஐயாவைக் கூட்டிக்கொண்டு போயிடாதேங்கோ."

இத்தனை வருட உத்தியோகத்தில் என் பேச்சைக் கேட்டு ஐயா செய்த ஒரே காரியம் அதுதான்.