தட்டிப் பார்த்து வாங்கிய கிட்டார்

போன மாதம் என் பேத்தி என்னை அண்ணா சாலையில் ஒரு வாத்தியக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனாள். எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வேண்டுமாம். கிட்டாருக்கும் எண்பத்தெட்டு வயசுக்காரனுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் மற்ற எல்லோருக்கும் அன்று வேலை இருந்தது. எனக்குத்தான் முப்பது வருஷமாக வேலை இல்லை. கடையில் இருந்த பெண் இரண்டு கிட்டார்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று விலை குறைவு. இன்னொன்று நடுத்தரம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பேத்தி கைபேசியைப் பார்ப்பதும் நகத்தைக் கடிப்பதுமாக நின்றாள். புது வார்னிஷ் வாசனை வந்தது. அந்த வாசனை செய்த வேலைதான் என்று நினைக்கிறேன், நான் பாட்டுக்குக் குனிந்து இரண்டையும் விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டிவிட்டேன்.

"தாத்தா, அது தேங்கா இல்ல," என்றாள் பேத்தி.

கடைப் பெண் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. கிட்டாரைத் தட்டிப் பார்ப்பது எனக்கு இது முதல் தடவை இல்லை.

அப்போது நான் செங்கல்பட்டு கோர்ட்டில் காப்பியிஸ்டாக இருந்தேன். ஜட்ஜு எழுதிய தீர்ப்பைப் பார்த்து அப்படியே இன்னொரு காகிதத்தில் எழுதுவது என் வேலை. இருபத்திரண்டு வயது. எழுதி எழுதி, ஜட்ஜே நான்தான் என்று ஒரு நினைப்பு வந்திருந்தது. எந்த ஓட்டலில் காப்பி நன்றாக இருக்கும், எந்தத் தையற்காரன் துணி திருடமாட்டான், எல்லாவற்றுக்கும் என்னிடம் தீர்ப்பு தயார். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். என் சிநேகிதர்கள் இரண்டு பேர் அதை நிஜமாகவே நம்பினார்கள், பாவம்.

ஒருவன் யூசுப். பஜாரில் அவன் அத்தாவுக்கு வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணம், கந்தூரி, மாதா கோயில் திருநாள், எதுவானாலும் சோறாக்க அங்கேயிருந்துதான் தேக்சா என்கிற பெரிய சமையல் பாத்திரம் போகும். யூசுப் அதோடு ஒரு மைக் செட்டும் வாங்கிப் போட்டிருந்தான். ஓர் ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், பெண் பிள்ளையைப் போல அவன் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டரி.

இன்னொருவன் ஞானம். ஞானப்பிரகாசம் என்று முழுப்பெயர். கருங்குழிக்காரன். அவனுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வீட்டில் முதலில் மாதச் சம்பளம் வாங்கியவன் இவன்தான், ஒரு ரைஸ்மில்லில். கோயில் பாட்டுக் குழுவில் பழைய கிட்டார் ஒன்று கிடந்தது, அதைத் தானாகவே தடவித் தடவிக் கற்றுக்கொண்டான். அப்புறம் ஒருநாள் மில் பெல்ட்டில் கை மாட்டி, இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. எந்த விரல்கள் தந்தியை அழுத்த வேண்டுமோ அந்த விரல்கள். மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போனபோது, "இன்னும் வலிக்குதாடா?" என்று கேட்டேன்.

"வலி போய்டிச்சி மச்சான். பாட்டுதான் போவ மாட்டேங்குது," என்றான். நான் ஜன்னல் வழியாக யாரோ ஆடு ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ரெயில்வே குடியிருப்பில் ஒருவர் கிட்டாரை மடியில் படுக்கப் போட்டு, தந்தி மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பதை அவன் பார்த்துவிட்டு வந்தான். ஹவாயன் கிட்டார். அதற்கு விரலால் அழுத்த வேண்டாம், இரும்பைப் பிடிக்க மூன்று விரல் போதும். தன் விரலை எடுத்த அதே மில்லின் பழைய ஷாஃப்ட் துண்டு ஒன்றை அறுத்து, தேய்த்து, பளபளவென்று ஆக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து ஆள் மறுபடி பேச ஆரம்பித்தான்.

இதற்கு நடுவில் ஒரு பெண் விஷயமும் இருந்தது. இல்லாமல் இருக்குமா? லூர்து என்று பெயர். மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துப் பள்ளிக்கூட வாத்தியார் மகள். கருங்குழியில் அத்தை வீட்டுக்கு வந்துபோனபோது இவன் வாசித்துக் கேட்டிருக்கிறாள். அவளுக்குச் சம்மதம். வாத்தியாருக்குத்தான் யோசனை. "பையன் நல்லவன்தான். அந்தக் கைய வச்சிக்கினு நாளைக்கி எப்டி?" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாதா திருநாளுக்குத் தங்கள் குப்பத்துக்கு வந்து வாசிக்கட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றும் சொல்லியிருந்தார்.

கடற்கரையில் வாசிக்க வேண்டும். அந்தக் காற்றில் சாதாரணக் கிட்டார் சத்தம் பத்தடி தாண்டாது. யூசுப்தான் சொன்னான், கரண்டு கிட்டார் ஒன்று வாங்கினால் அவனுடைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டி ஊருக்கே கேட்க வைக்கலாம் என்று. விரல் போனதற்கு மில் முதலாளி கொடுத்த பணம் ஞானத்திடம் செலவழியாமல் அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் ரெயிலேறி மெட்ராசுக்குப் போனோம்.

கடையில் இரண்டு கிட்டார் காட்டினார்கள். ஒன்று மலிவு. வயிறு உப்பிய மரப்பெட்டி, நடுவில் வட்டத் துவாரம், தந்திக்குக் கீழே ஒரு காந்தப் பெட்டியைத் திருகி வைத்திருந்தார்கள். மற்றது அதைவிட ஒன்றரைப் பங்கு விலை. துவாரமே கிடையாது, ஒரே கட்டை. மணப்பலகைக்குத் தந்தி கட்டினால் எப்படியிருக்கும், அப்படி. அன்று பார்த்துக் கடையில் கரண்டு இல்லை. "ஸ்பீக்கர்ல போட்டாதான் சார் வித்தியாசம் தெரியும். நாளைக்கு வந்தா போட்டுக் காட்டறேன்," என்றார் கடைக்காரர்.

நாளைக்கா? மூன்று பேரும் லீவு போட்டு வந்திருக்கிறோம். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? தட்டினோம்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் எதைத்தான் தட்டாமல் வாங்கினோம்? மண்பானையைத் தட்டினோம், தேங்காயைத் தட்டினோம், பலாப்பழத்தைத் தட்டினோம். டாக்டரே முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மிக்சர் மருந்து கொடுத்தார். யூசுப் வீட்டில் அது தொழில். விசேஷ வீட்டிலிருந்து தேக்சா திரும்பி வந்ததும் அவன் அத்தா கரண்டிக் காம்பால் ஒரு தட்டு தட்டுவார். கணீரென்றால் உள்ளே போகும். சத்தம் செத்திருந்தால் எங்கேயோ விரிசல் என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாததைக் காதால் பிடித்துவிடுவார். சுமார் இருநூறு பாத்திரங்களில் அவர் தப்பு பண்ணி நான் பார்த்ததில்லை.

ஆக, மலிவுக் கிட்டாரை நான் தட்டினேன். கணீரென்றது. தந்தியைச் சுண்டினேன், கடை முழுக்கக் கேட்டது. கட்டைக் கிட்டாரைத் தட்டினேன்.

"இன்னாடா இது, செவுத்தத் தட்னா மாரி கீது," என்றான் யூசுப்.

ஞானம் இரண்டையும் பார்த்தான். ஆனால் அவன் கை அந்தக் கட்டைக் கிட்டார் பக்கமே போய்ப் போய் வந்தது. தந்திமேல் இரும்பை வைத்து மெல்ல இழுத்து, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டான். "இது கொஞ்சம் பேசுது மச்சான். உள்ளுக்குள்ள பேசுது," என்றான். கடைக்காரரும் தலையாட்டினார். அவர் தலையாட்டியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஞானத்தை வாசலுக்குக் கூட்டிவந்து தீர்ப்பை வாசித்தேன். விலை ஜாஸ்தியானதைத் தலையில் கட்டப் பார்க்கிறான், கடைக்காரன் சாட்சியம் செல்லாது, சத்தமே வராத வாத்தியத்துக்கு எவன் பணம் கொடுப்பான், மிச்சப் பணம் கல்யாணச் செலவுக்கு ஆகும். ஞானம் என் முகத்தைப் பார்த்தான். "நீ சொன்னா சரியாதான் இருக்கும்," என்றான். மலிவுக் கிட்டாரைத் துணியில் சுற்றிக்கொண்டு எக்மோருக்கு நடந்தோம். வழியில் எனக்கு அவன் நாஸ்தா வாங்கிக் கொடுத்தான். நானும் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் யூசுப் கடைக் கிடங்கில் பழகினான். ஆம்ப்ளிஃபயரைச் சின்னதாக வைத்து வாசிப்பான், பக்கத்தில் தேக்சாக்கள் எல்லாம் மெல்ல முனகும். அருமையாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திருநாளன்று பாத்திரமும் மைக் செட்டும் மாட்டு வண்டியில் முன்னாலேயே போய்விட்டன. நாங்கள் பஸ்ஸில் போய், மிச்சத்தை மணலில் நடந்தோம். இன்றைக்குக் கல்பாக்கம் பக்கம் அணுமின் நிலையமும் ஊழியர்களின் பஸ் வரிசையுமாக இருக்கிறதே, அன்றைக்கு அந்தப் பக்கமெல்லாம் சவுக்கும் மணலும் காயப்போட்ட வலையும்தான். கோயில் வாசலில் பந்தல். சாயங்காலம் நாலு மணி. முன்வரிசையில் பெஞ்சில் வாத்தியார், வெள்ளைச் சட்டை, மடித்த குடை. பெண்கள் பக்கத்தில் லூர்து, தலையில் முக்காடு.

ஞானம் கிட்டாரை மடியில் வைத்து ஆரம்பித்தான். காற்று சத்தத்தை அப்படியே வாரிக்கொண்டு போனது. பின்னால் இருந்தவர்கள் "கேக்கலபா" என்றார்கள். யூசுப் குமிழைத் திருகினான். இன்னும் கேட்கவில்லை. இன்னும் திருகினான்.

அப்போது வந்தது அந்த ஊளை. கிட்டார் தானாகவே ஊளையிட்டது, நரி குழாய்க்குள் புகுந்துகொண்ட மாதிரி. ஞானம் பதறிப்போய் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டான். யாரும் தொடாமலே அது ஊளையிட்டது. குப்பத்து நாய்கள் எல்லாம் பதில் சொல்ல ஆரம்பித்தன. ஜனங்கள் சிரித்தார்கள். யூசுப் ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தினான்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எந்த வயிறு தட்டினால் கணீரென்றதோ, அதே வயிறு ஸ்பீக்கர் சத்தத்தையும் வாங்கித் திரும்ப அதிர்கிறது. கடைக்காரர் சொன்ன வித்தியாசம் இதுதான். சுவர் மாதிரி இருந்த கட்டைக்கு இந்த வியாதி வந்திருக்காது.

கோயில் பெரியவர் ஒருவர் கோபமாக எழுந்தார். "யாருய்யா பாத்து வாங்கின வாத்தியம் இது?"

நான் மேடைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். எல்லாக் கேள்விக்கும் தீர்ப்பு வைத்திருக்கும் என் வாய் திறக்கவில்லை. ஞானம் என்னைப் பார்க்கக்கூட இல்லை. எழுந்து, கை கூப்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"வாத்தியத்து மேல தப்பு இல்லீங்க. என் கைதான் கொஞ்சம் பிசகிடிச்சி. மன்னிக்கணும்."

எந்தக் கையைப் பார்க்க அந்த மனுஷர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாரோ, அந்தக் கைமேல் பழியைப் போட்டுவிட்டான். கூப்பிய கையில் மூன்று விரல் எல்லோருக்கும் தெரிந்தது. லூர்து முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

யூசுப்புக்குத்தான் யோசனை வந்தது. "தேக்சா வண்டில இன்னாடா பண்ணுவோம்? ஒண்ணோட ஒண்ணு மோதி அலறாம இருக்க நடுவுல வெக்கப்புல்லு வெப்பமில்ல?" என்றான். வண்டிக்கு ஓடி ஒரு கை வைக்கோலை அள்ளிக்கொண்டு வந்தான். வட்டத் துவாரத்து வழியாக மூன்று பேருமாக அதைக் கிட்டாரின் வயிற்றில் திணித்தோம். ஜனங்கள் கன்றுக்குட்டிக்குத் தீனி வைக்கிறார்களா என்று கேட்டார்கள். திணித்து முடித்ததும் நான் ஒரு தட்டு தட்டினேன். சுவர் மாதிரி இருந்தது.

அப்புறம் ஊளை வரவில்லை. அவன் வாசித்த மாதா பாட்டு சவுக்குத் தோப்பு வரைக்கும் போனது. சிரித்தவர்கள் முனகிப் பாட ஆரம்பித்தார்கள். அழுதவர்களும் உண்டு, அதில் நான் ஒருவன்.

முடிந்ததும் வாத்தியார் எங்களிடம் வரவில்லை. பந்தலுக்குப் பின்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். போச்சு என்று நினைத்தேன்.

"தம்பி, அது கூவினப்ப அவர் ரெண்டு கையும் மேல இருந்திச்சி. நான் பாத்துக்கினேதான் இருந்தேன்," என்றார். "யாரையோ காப்பாத்தறார்னு தெரிஞ்சிது. யாருன்னு கேக்க மாட்டேன். தை மாசம் வெச்சிக்கலாம்னு அவர் வூட்ல சொல்லிடுங்க."

தை மாதம் கல்யாணம் நடந்தது. சோறு யூசுப் கடைத் தேக்சாவில்தான்.

அந்தக் கிட்டாரை ஞானம் நாற்பது வருஷம் வைத்திருந்தான். வைக்கோல் பழசானால் அறுப்புக் காலத்தில் புதுசு மாற்றுவான். பிள்ளைகள் அதற்கு மாட்டுக் கிட்டார் என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது மில் இல்லை, அந்த இடத்தில் கல்யாண மண்டபம். யூசுப் கடை இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். அந்தக் குப்பத்துக்குப் போனால் எனக்கே வழி தெரியவில்லை. யூசுப் முதலில் போனான், ஞானம் அப்புறம், லூர்து போன வருஷம். தட்டிப் பார்த்து வாங்க இப்போது கடையில் பானையும் இல்லை, எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் வருகிறது.

இதெல்லாம் திரும்பி வருகிற வழியில் பேத்தியிடம் சொன்னேன். அவள் கடைசியில் நடுத்தரக் கிட்டாரைத்தான் வாங்கியிருந்தாள், ஸ்பீக்கரில் போட்டு ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு. மடியில் அதை வைத்துக்கொண்டு கதையைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அப்புறமாவது நீ அவர்கிட்ட சொன்னியா தாத்தா? என் தப்புதான்னு?"

சொல்லவில்லை. நாற்பது வருஷம் வாரம் ஒருமுறை பார்த்தேன், அவன் வீட்டில் சாப்பிட்டேன், அந்தக் கிட்டாருக்கு வைக்கோல் திணிக்கக்கூட ஒத்தாசை பண்ணினேன். அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று கேட்ட அந்தக் கோயில் பெரியவரும் இப்போது இல்லை, கேள்வி மட்டும் இருக்கிறது. நீங்களாவது கேட்டுக்கொள்ளுங்கள். பார்த்து வாங்கினது நான்தான் ஐயா.